தட்டு சுற்றும் வேகமே சுருதி

பரணில் கிடந்த ரெக்கார்ட் பிளேயரை இறக்கித் துடைத்து மறுபடி பாட வைக்க வேண்டும் என்று ஆசைப்படும் தம்பி தங்கைகள் இப்போது நிறையப் பேர். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: “பாட்டு இழுக்குது, பெல்ட் எங்கே கிடைக்கும்?” பாட்டு இழுப்பதற்குப் பெல்ட் ஒரு காரணம். வேறு பல காரணங்களும் உண்டு. எதனால் இழுக்கிறது என்று தெரியாமல் பெல்ட் வாங்கினால் காசும் போகும், பழுதும் அப்படியே நிற்கும்.

வேகம் ஆறு சதவீதம் குறைந்தால் சுருதி அரைக்கட்டை இறங்கிவிடும். ஐந்து கட்டையில் பாடியவரை நாலரையில் பாட வைக்கிறோம். குரலின் நிறம் கனத்துப்போகிறது, துரிதமாகப் பாடியது தொய்கிறது. பாடியவர் தேர்ந்தெடுத்த சுருதியைக் குலைக்க நமக்கு உரிமை இல்லை என்பது என் திடமான எண்ணம். கீழே சொல்வதெல்லாம் அந்த எண்ணத்திலிருந்து வருவதுதான். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. தட்டை எது சுற்றுகிறது என்று பாருங்கள்.

எல்லாப் பிளேயரிலும் பெல்ட் கிடையாது. கேரார்ட் சேஞ்சர் போன்ற பழைய பெட்டிகளில், மோட்டாரின் அச்சுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் உரசிச் சுற்றும். அதற்கு ஐட்லர் என்று பெயர். 1970இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்பி-10, 1972இல் வந்த எஸ்எல்-1200 போன்றவற்றில் தட்டு மோட்டாரோடு நேரடியாக இணைந்தது. அவற்றில் மாற்றுவதற்குப் பெல்ட்டே இல்லை. 1961இல் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏஆர் பிளேயர், 1965இன் தோரன்ஸ் டிடி 150, பிறகு வந்த லின், ரீகா, இப்போது விற்கும் பெரும்பாலான எளிய பிளேயர்கள் ஆகியவை பெல்ட் வகை. தட்டின் மேலுள்ள ரப்பர் விரிப்பை எடுத்துப் பாருங்கள். தட்டில் கைவிரல் நுழையும் துளைகள் இருந்தால் அதன் வழியாகவே பெல்ட்டும் மோட்டார் அச்சிலுள்ள புல்லியும் கண்ணில் படும்.

2. திறப்பதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள்.

கடிகாரம் தவிரக் கருவி எதுவும் வேண்டாம். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். ஓர் இசைத்தட்டை வைத்து முள்ளையும் இறக்கிவிட்டு எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் சரியாக 100 சுற்றுக்கு 180 வினாடி ஆக வேண்டும். 45இல் 90 சுற்றுக்கு 120 வினாடி. எண்ணும்போது முதல் கடப்பைச் சுழியம் என்று தொடங்குங்கள். ஒன்று என்று தொடங்கினால் ஒரு சுற்று பிசகிவிடும். 33⅓இல் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. எனவே மூன்று நிமிடக் கணக்கில் 1.8 வினாடி தவறினால் வேகம் ஒரு சதவீதம் தவறியிருக்கிறது என்று பொருள். 100 சுற்றுக்கு 183 வினாடி ஆனால் ஏறத்தாழ 1.6 சதவீதம் மெது. அரை சதவீதத்துக்குள் இருந்தால் கை வைக்காதீர்கள். அது நல்ல வேகம்.

முள்ளை இறக்காமலும் ஒருமுறை எண்ணுங்கள். முள் இல்லாதபோது சரியாகவும், இறக்கியதும் மெதுவாகவும் சுற்றினால் பெல்ட் வழுக்குகிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. இரண்டு நிலையிலும் ஒரே அளவு தவறினால் பெல்ட்டைச் சந்தேகிப்பதற்கு முன் மோட்டாரையும் புல்லியையும் பாருங்கள்.

இதற்குக் காதை நம்ப வேண்டாம். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு 1963இல் வந்தது. எத்தனையோ வீடுகளில் அது தினமும் ஓடியிருக்கிறது. மெதுவாகச் சுற்றும் பிளேயரில் பல வருடம் கேட்ட வீட்டாருக்கு அந்தத் தாழ்ந்த சுருதியே சரியாகப் படும். வேகத்தைச் சரிசெய்து கொடுத்தால், ‘குரல் கீச்சென்று இருக்கிறதே’ என்பார்கள். காது எதற்கும் பழகிவிடும், கடிகாரம் பழகாது.

3. ஸ்ட்ரோப் அட்டையைப் பயன்படுத்தலாம், அதன் குறையைத் தெரிந்துகொண்டு.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை மின்னும். அந்தக் கணக்கில் 33⅓க்கு 180 கோடுகளும், 45க்கு 133 கோடுகளும், 78க்கு 77 கோடுகளும் அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்ற இடத்தில் நிற்கும். முன்னே ஓடினால் வேகம் கூட, பின்னே நகர்ந்தால் குறைவு. அமெரிக்காவில் அச்சான அட்டை 60 ஹெர்ட்ஸுக்கானது, அதில் 33⅓க்கு 216 கோடுகள் இருக்கும். அதை இங்கே வைத்துப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

எல்இடி பல்புகள் பலவற்றில் இந்த மின்னல் தெரியாது. சோக் போட்ட பழைய டியூப் லைட்டோ சிறு நியான் விளக்கோ இருந்தால் தெளிவாகத் தெரியும்.

குறை என்ன என்று கேட்டால், ஏசி சிங்க்ரனஸ் மோட்டாரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றித்தான் ஓடுகிறது, விளக்கும் அதையே பின்பற்றித்தான் மின்னுகிறது. அதிர்வெண் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கோடுகள் அசையாமல் நின்று ‘எல்லாம் சரி’ என்று சொல்லும், பாட்டு மட்டும் தாழ்ந்து ஒலிக்கும். 1990களில் தென்னிந்திய மின்தொகுப்பில் அதிர்வெண் 49க்குக் கீழே போவது சாதாரணமாக இருந்தது. 48.5 என்றால் மூன்று சதவீதம் குறைவு, சுருதியில் கால் கட்டை. அந்த நாட்களில் இசைத்தட்டிலிருந்து வீட்டில் கேசட்டுக்கு எடுத்துவைத்த கச்சேரிகள் சில தாழ்ந்து ஒலித்தால் இதையும் ஒரு காரணமாகக் கருதுங்கள். 2013 டிசம்பர் 31 அன்று தென்தொகுப்பு நாட்டின் பிற தொகுப்போடு இணைந்து ஓடத் தொடங்கியது. இப்போது அதிர்வெண் 50ஐ ஒட்டியே நிற்கிறது. எனவே இன்று ‘கரண்ட் சரியில்லை’ என்று வேகத்துக்குக் காரணம் சொல்ல முடியாது. சிறு ஜெனரேட்டரில் ஓட்டினால் மட்டும் கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள்.

ஸ்டெபிலைசர் வைத்தால் வேகம் சரியாகும் என்பார்கள். சிங்க்ரனஸ் மோட்டாரில் ஆகாது, ஏனென்றால் ஸ்டெபிலைசர் வோல்டேஜைத்தான் சீர்படுத்தும். ஐட்லர் வகைப் பழைய பெட்டிகளில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார் வோல்டேஜ் இறங்கினால் கொஞ்சம் தளரும், அங்கே அது உதவும்.

4. பிளேயர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிளேயரை 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டி ஓட்டுகிறீர்களா? டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ என்பது 27.8 ஆகிவிடும், சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கும். எந்தப் பெல்ட் போட்டாலும் இது தீராது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி வேண்டும். பல தயாரிப்பாளர்கள் இரண்டு புல்லிகளையும் செய்திருக்கிறார்கள், கொஞ்சம் பெரிய விட்டமுள்ளதுதான் நமக்கு.

சவுதியிலிருந்து வந்த பெட்டிக்கும் இதே எச்சரிக்கை, அங்கும் 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய் எல்லாம் நம்மைப் போல 50, அங்கிருந்து வந்தவற்றில் இந்தத் தொல்லை இல்லை. டிசி மோட்டார் உள்ள பெட்டி எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் கவலையில்லை, சரியான அடாப்டர் கொடுத்தால் போதும்.

5. குற்றம் இசைத்தட்டிலேயே இருக்கலாம்.

நீண்ட ஸ்வரம் ஒன்று, வீணையோ நாகஸ்வரமோ, நிற்காமல் ஆடுகிறதா? ஆட்டம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கவனியுங்கள். ஏறக்குறைய 1.8 வினாடிக்கு ஒருமுறை என்றால் தட்டின் ஒரு சுற்றோடு அது வருகிறது. நடுத்துளை மையத்தில் இல்லாத இசைத்தட்டு இதற்கு அடிக்கடி காரணம். துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் உட்புறப் பள்ளங்களில் வேகம் ஏறத்தாழ முக்கால் சதவீதம் கூடியும் குறைந்தும் ஆடும். முள் தாங்கிய கையை மேலிருந்து பார்த்தால் இடமும் வலமும் அசைவதே தெரியும். வளைந்த இசைத்தட்டென்றால் கை மேலும் கீழும் ஏறி இறங்கும். வேறு இரண்டு மூன்று இசைத்தட்டுகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஆடினால்தான் பிளேயரைக் குறை சொல்லலாம்.

பெல்ட் ஒரு முழுச் சுற்று வரும் நேரமும் பெரும்பாலும் இரண்டு வினாடியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் வெறும் தாளக் கணக்கை வைத்துப் பெல்ட்டா தட்டா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. படபடவென்று வினாடிக்கு ஆறேழு முறை நடுங்கினால் அது புல்லி அல்லது மோட்டார் அச்சின் வேலை. 16 துருவ சிங்க்ரனஸ் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 375 முறை சுற்றுகிறது, அதாவது வினாடிக்கு ஆறே கால்.

6. பிளக்கைப் பிடுங்குங்கள். கையைப் பூட்டுங்கள்.

ஸ்விட்சை அணைத்தால் போதாது. முள்ளுக்கு மூடி மாட்டி, கையை அதன் தாங்கியில் கிளிப் போட்டுக் கட்டுங்கள். தலைப்பகுதி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றித் தள்ளி வையுங்கள். பெல்ட் மாற்றும்போது உடைவது பெரும்பாலும் முள்தான், அதன் விலை பெல்ட்டின் விலையைவிடப் பல மடங்கு. ஒவ்வொரு படியிலும் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. தட்டை நேராகத் தூக்குங்கள்.

நடுவில் சிறு கிளிப் வளையம் இருந்தால் முதலில் அதை எடுங்கள், இல்லாவிட்டால் தட்டு வராது. பிறகு இரு கையாலும் நேர் மேலே. ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பவே கூடாது. இறுகியிருந்தால் ஒருவர் தட்டை இலேசாக மேலே இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் நடு அச்சின் தலையில் மரப்பிடியால் மெல்லத் தட்டட்டும். விட்டுவிடும். தோரன்ஸ் போன்றவற்றில் வெளித்தட்டை எடுத்த பிறகு உள்ளே ஒரு சிறு தட்டு இருக்கும், பெல்ட் அதைத்தான் சுற்றியிருக்கும். அதன் அச்சு எண்ணெய்க் குழியிலிருந்து மெதுவாகத்தான் மேலே வரும், அவசரப்படுத்தாதீர்கள். குழியின் அடியில் சிறு எஃகு உருண்டை தனியாக இருக்கலாம். தொலைத்துவிடாதீர்கள்.

8. புதுப் பெல்ட்டுக்கு முன் புல்லியைத் துடையுங்கள்.

அதிகம் பேர் தவறவிடும் வேலை இது. பழைய பெல்ட்டின் ரப்பர் புல்லியில் கருப்பாகப் படிந்திருக்கும். பத்து மில்லிமீட்டர் புல்லியில் 0.1 மில்லிமீட்டர் அழுக்குப் படிந்தால் விட்டம் 0.2 கூடி, வேகம் இரண்டு சதவீதத்தை நெருங்கி ஏறிவிடும். ‘புதுப் பெல்ட் போட்டேன், வேகமாகச் சுற்றுகிறது’ என்றால் அழுக்கா என்று முதலில் பாருங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் புல்லியையும் தட்டில் பெல்ட் ஓடும் பாதையையும் துணி கருக்காமல் வரும்வரை துடையுங்கள். தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், வேண்டாம். பல வருடம் ஓடாத பெட்டியில் பெல்ட் தாராக உருகி ஒட்டியிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு ஐஸ் குச்சியால் சுரண்டி எடுத்த பிறகு ஆல்கஹால். அதே துணியைக் கொண்டு 78 இசைத்தட்டுகளைத் துடைத்துவிடாதீர்கள், அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் கரையும்.

புல்லியின் நடுப்பகுதி இலேசாகப் பருத்திருப்பதைப் பார்ப்பீர்கள். பெல்ட் நழுவாமல் நடுவிலேயே ஓடுவதற்காக அப்படிக் கடைந்திருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்தாதீர்கள்.

9. தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

நம் வீடுகளில் கதவுக் கீலிலிருந்து எல்லாவற்றுக்கும் அதைத்தான் தேடுவோம். இந்த வேலைக்கு ஆகாது, குளிரில் உறையும், நாள்பட்டால் பிசுபிசுக்கும். நடு அச்சின் குழியில் பழைய எண்ணெயைப் பஞ்சுக் குச்சியால் எடுத்துவிட்டு, தயாரித்தவர் சொன்ன எண்ணெயோ அது தெரியாவிட்டால் சுத்தமான மெல்லிய இயந்திர எண்ணெயோ சில சொட்டு விடுங்கள். ஏசி மோட்டாரின் அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. பெல்ட் இல்லாமல் தட்டைக் கையால் சுழற்றிவிட்டால் நெடுநேரம் ஓடித் தானாக ஓய வேண்டும். சட்டென்று நின்றால் பழுது அச்சில், பெல்ட்டில் அல்ல. எண்ணெய் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பெல்ட்டைத் தொட வேண்டும்.

10. பெல்ட்டை அளந்து வாங்குங்கள்.

மாடல் எண்ணைச் சொல்லி வாங்குவதே மேல். கிடைக்காவிட்டால் பழைய பெல்ட்டை இழுக்காமல் மடித்து மேசையில் வைத்து அளந்து இரட்டிப்பாக்குங்கள். பழையது நீண்டுபோயிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெல்ட்டே இல்லாவிட்டால், பெல்ட் ஓடும் பாதை முழுவதும் ஒரு நூலைச் சுற்றி அளந்து, ஐந்து சதவீதம் போலக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இறுக்கமானது வேண்டாம். இறுகிய பெல்ட் மோட்டாரைப் பக்கவாட்டில் இழுத்து அச்சைத் தேய்க்கும், உறுமலைப் பாட்டில் சேர்க்கும்.

நீளத்தைப் பார்க்கிறவர்கள் தடிமனைப் பார்ப்பதில்லை. பெல்ட்டின் தடிமன் புல்லியின் விட்டத்தோடு சேர்ந்துதான் கணக்கு. பத்து மில்லிமீட்டர் புல்லியில் 0.6 மில்லிமீட்டர் பெல்ட்டுக்குப் பதில் 0.8 போட்டால் வேகம் 1.7 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். வேகத்தைத் திருகிச் சரிசெய்ய வழியில்லாத ஏசி மோட்டார் பெட்டிகளில் இது நேரே சுருதியில் தெரியும். அகலமும் பழையதைப் போலவே இருக்கட்டும். தட்டையான பெல்ட்டுக்குச் செய்த புல்லியில் கேசட் டெக்கின் சதுரப் பெல்ட் நிற்காது.

பழைய பெல்ட்டை வெந்நீரில் போட்டு எடுத்தால் சுருங்கும் என்பது உண்மைதான், ஆனால் விரைவில் மறுபடி தொய்ந்துவிடும். புதியது வரும்வரை ஒப்பேற்றலாம், அவ்வளவே.

11. மாட்டும்போது முறுக்கு விழக் கூடாது.

உள்தட்டு உள்ள பெட்டியில் முதலில் தட்டைச் சுற்றி, பிறகு புல்லியில். தட்டின் உள்விளிம்பில் பெல்ட் ஓடும் ஜப்பானிய வகையில் பெல்ட்டைத் தட்டிலேயே மாட்டி, ஒரு நாடாவால் ஓரிடத்தை இழுத்துப் பிடித்து, தட்டைக் கீழே வைத்து, துளை புல்லிக்கு நேராக வரும்படி திருப்பி, நாடாவால் பெல்ட்டைப் புல்லியின் மேல் போட்டு நாடாவை உருவிவிடுங்கள். பளபளப்பும் சொரசொரப்பும் என இரு பக்கம் உள்ள பெல்ட்டில் எது உட்பக்கம் என்று தயாரித்தவர் சொன்னதைப் பின்பற்றுங்கள். மின்சாரம் கொடுப்பதற்கு முன் கையால் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள், பெல்ட் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். புதுப் பெல்ட்டில் மடிப்பு விழுந்திருந்தால் ஒரு மணி நேரம் வெறுமனே ஓட விட்டு, பிறகு அளந்து பாருங்கள்.

12. திருகுவது கடைசியில்.

டிசி மோட்டார் பெட்டிகளில் மோட்டாரின் அடியிலோ பெட்டியின் அடியிலோ சிறு துளைகள் இருக்கும். உள்ளே 33க்கு ஒன்று, 45க்கு ஒன்று என நுண்திருகுகள். மயிரிழை அளவுதான் திருப்ப வேண்டும், திருப்புவதற்கு முன் இருந்த நிலையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மேலே பிட்ச் குமிழ் உள்ளவற்றில் அதை முதலில் நடுவில் வைத்துவிட்டுத்தான் உள்திருகைத் தொட வேண்டும். வேகம் திடீர் திடீரென்று தாவினால் அந்தக் குமிழின் உள்ளே அழுக்குப் படிந்திருக்கலாம். காண்டாக்ட் கிளீனரைத் தெளித்து இருபது முப்பது முறை இரு பக்கமும் திருப்புங்கள். பெல்ட் மேல் பழி விழுந்த எத்தனையோ பிளேயர்கள் இந்த ஒரு வேலையிலேயே சீராகியிருக்கின்றன.

13. ஏசி மோட்டார் நடுங்கினாலோ பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கினாலோ அதன் கப்பாசிட்டர் போயிருக்கலாம். அங்கே வீட்டு மின்சாரம் நேராக வருகிறது. கற்றவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

14. ஐட்லர் வகையென்றால் ரப்பர் சக்கரத்தின் விளிம்பைப் பாருங்கள். கண்ணாடிபோல் வழுவழுத்திருந்தால் மிக நைசான உப்புத்தாளால் சீராக ஒருமுறை தேய்த்து, துடைத்துப் போடலாம். ஒரே இடத்தில் அழுத்தி நின்று பள்ளம் விழுந்திருந்தால் சுற்றுக்குச் சுற்று டொக் டொக் என்று கேட்கும். அதற்குப் புது ரப்பர் கட்டியே ஆக வேண்டும். இதனால்தான் ஓட்டி முடித்ததும் வேகம் மாற்றும் குமிழை நடுநிலையில் வைக்கச் சொல்கிறார்கள். பெல்ட் பெட்டிக்கும் இதே நியாயம். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் பெல்ட்டைப் புல்லியிலிருந்து எடுத்து வையுங்கள்.

15. டிஜிட்டலாக மாற்றும் எண்ணம் இருந்தால் இத்தனையும் முடிந்த பிறகுதான்.

சுருதி தவறிய ஒரு பதிவு வெளியே போனால் அதிலிருந்து நூறு பிரதிகள் பிறக்கும். அதைக் கேட்டுப் பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு மூலம் எது என்று தெரியாது. பதிவு தொடங்கும் முன் மூன்று நிமிடம் எண்ணிப் பார்த்து, அந்த எண்ணைப் பதிவின் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

78 தட்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். நாகஸ்வரக் கலைஞர் ராஜரத்தினம் பிள்ளை காலத்துத் தட்டுகளையும் அதற்கு முந்தியவற்றையும் இன்று நாம் 78 என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். ஆனால் கிராமபோன் தொடங்கிய காலத்தில் எல்லாத் தட்டுகளும் 78இல் பதியப்படவில்லை. எழுபதை ஒட்டியும் எண்பதைத் தாண்டியும் பதிந்தவை உண்டு. பிளேயரை முதலில் சரியான 78க்குக் கொண்டுவாருங்கள், பிறகு பாடகரின் வழக்கமான கட்டை தெரிந்தால் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பிட்ச் குமிழால் நெருங்குங்கள். பக்கவாத்தியம் வாசிக்கிறவர் ஒருவரை அருகில் உட்கார வைத்துக்கொண்டால் வேலை எளிது. எந்த வேகத்தில் நிறுத்தினீர்கள் என்பதை உறையின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள், அடுத்தவர் மறுபடி தேட வேண்டியிருக்காது.